பானட்டைத் திறக்குமுன் கூலியைப் பேசுங்கள்!

தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவில் ஏறுகிறவர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அரசாங்கம் எழுதி வைத்த கணக்கு. 2022 மே மாதம் கேரள அரசு திருத்தி அமைத்த கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று வைத்தார்கள். சிறிய டாக்சிக்கு முதல் ஐந்து கிலோமீட்டருக்கு 200 ரூபாய் என்றார்கள். சாலை பஜாரில் லாரியிலிருந்து மூட்டை இறங்கினால் அதற்கும் கூலி விகிதம் உண்டு. 1978ஆம் ஆண்டில் சுமைத் தொழிலாளர் சட்டம் வந்ததிலிருந்து இறக்குக் கூலி இன்ன சரக்குக்கு இன்ன தொகை என்று பேசி முடித்த விஷயமாகிவிட்டது.

ஆனால் அந்த ஆட்டோவோ டாக்சியோ நடுரோட்டில் நின்று போனால், அதன் அடியில் கோணியை விரித்துப் படுத்து, அதை மறுபடி ஓட வைக்கிற மனிதருக்கு என்ன கூலி? அது எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. மெக்கானிக்கின் முகத்தை வண்டிக்காரர் பார்க்கிறார். வண்டிக்காரரின் சட்டையை மெக்கானிக் பார்க்கிறார். அப்போது வாயில் வருகிற தொகைதான் கூலி.

இந்த ஊரில் மோட்டார் ரிப்பேர் வேலையில் இருக்கும் நம்மவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. குமரி மாவட்டத்துக்காரர்கள், நெல்லை, தென்காசிப் பக்கத்துக்காரர்கள் என்று பலர். காலையில் நாகர்கோவில் பக்கமிருந்து வரும் ரயிலில் குழித்துறையிலும் பாறசாலையிலும் ஏறி, டிபன் பாக்ஸுடன் நேமத்திலோ தம்பானூரிலோ இறங்குகிறவர்களில் இவர்களும் உண்டு. சிலர் பகல் முழுவதும் ஒரு முதலாளியின் ஒர்க்ஷாப்பில் சம்பளத்துக்கு நின்றுவிட்டு, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வீடு தேடிப்போய் ‘சைடு வேலை’ பார்க்கிறார்கள். சிலர் ஒர்க்ஷாப்பை விட்டு விலகி, ஸ்கூட்டரில் ஒரு டூல் பாக்ஸ், கையில் ஒரு போன் என்று தனியாகவே இறங்கிவிட்டார்கள். இவர்களைக் கூப்பிடுகிற வண்டிக்காரர்களிலும் நம்மவர்கள் நிறைய. செகண்ட் ஹாண்ட் மாருதியோ ஆல்ட்டோவோ வாங்கி, ஊருக்குப் போய்வர வைத்திருக்கும் குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள். ஆகவே கூலி என்ன என்ற கேள்வி இரண்டு பக்கத்துக்கும் சொந்தக் கேள்வி.

சக்கரக் காலத்துச் சங்கதி

மோட்டார்த் தொழிலில் விலையை எழுதி வைக்கிற பழக்கம் இங்கே பழையது. 1938 பிப்ரவரி 20ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் அரசு பஸ் சர்வீஸைத் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஈ.ஜி. சால்ட்டர் என்ற வெள்ளைக்காரர் மேற்பார்வைக்கு வரவழைக்கப்பட்டார். இங்கிலாந்திலிருந்து சேஸிஸும் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜினும் வந்தன. பாடி கட்டியது உள்ளூர்த் தொழிலாளிகள். முதலில் சாக்கையில் இருந்த ஒர்க்ஷாப் பின்னால் பாப்பனங்கோட்டுக்கு மாறியது. பஸ் கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அப்போது நாகர்கோவிலும் இதே சமஸ்தானம்தான். 1956 நவம்பர் 1 வரை நடுவில் மாநில எல்லை கிடையாது.

பயணிக்கு மைல் கணக்கு எழுதியாயிற்று. அரசு ஒர்க்ஷாப்பில் நுழைந்தவருக்கு மாதச் சம்பளம். வெளியே, மரத்தடியில், தெருவோரத்தில் ரிப்பேர் பார்த்தவர் மட்டும் அன்றைக்கும் பேரத்தில் விடப்பட்டார். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் அது ஒருவாறு நடந்தது. என்ன பழுது, என்ன வேலை என்பது வண்டிக்காரருக்கும் பாதி தெரியும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினால் என்ன கொடுப்பது, பாயின்ட் தேய்த்தால் என்ன கொடுப்பது என்று ஊருக்கொரு வழக்கம் இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 2014ஆம் ஆண்டில் அந்த மாருதி 800ம் நின்றது, அம்பாசடரும் நின்றது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படியான வண்டிகள்தான். இப்போது பானட்டைத் திறந்தால் ஒயரும் சென்ஸாரும் பெட்டிகளும். வேலையில் பாதி கண்ணுக்குத் தெரிவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கூலி கேட்பதுதான் இன்றைய மெக்கானிக்கின் சங்கடம்.

நாளை எட்டால் வகுத்தால் வரும் நஷ்டம்

தனியாக இறங்குகிற ஆள் முதலில் செய்கிற கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான். ஒர்க்ஷாப்பில் வாங்கிய சம்பளத்தை நாளுக்கும் மணிக்கும் வகுப்பது. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், மொத்தம் 208 மணி. வகுத்தால் மணிக்கு 144 ரூபாய் வருகிறது. ‘மணிக்கு 150 கேட்டால் போதும், லாபம்தான்’ என்று தோன்றும்.

தோன்றுவது அதோடு சரி. அந்த ஒர்க்ஷாப்பில் எட்டு மணியும் வண்டி அவர் முன்னால் நின்றது. வண்டி இல்லாத நேரத்துக்கும் முதலாளி சம்பளம் கொடுத்தார். தனி ஆளுக்கு அப்படி இல்லை. பட்டத்தில் ஒரு வீடு, அடுத்தது வலியதுறையில். நடுவே ஸ்பேர் வாங்கக் கடை, அங்கே பொருள் இல்லையென்றால் இன்னொரு கடை. போனில் வர்ணனை கேட்பது, பேரம் பேசுவது, கையைக் கழுவி வண்டியை ஓட்டிக் காட்டுவது. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு மாலை ஐந்து மணிக்குத் திரும்பினாலும் ஸ்பானர் சுழல்கிற நேரம் நாலரை மணி இருந்தால் பெரிது.

அப்புறம் மழை. கேரளத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம். கூரை உள்ள ஒர்க்ஷாப்புக்கு மழை ஒரு பொருட்டல்ல. தெருவோரத்தில் ஜாக்கி வைத்து வேலை பார்க்கிறவருக்கு மழை பெய்த நாள் பட்டினி நாள். மாதம் 26 நாள் என்பது காகிதத்தில்தான். வருஷத்துக்குச் சராசரி பார்த்தால் 20 நாள் என்று வைத்துக் கொள்ளலாம். 20 நாளை நாலரையால் பெருக்கினால் 90 மணி.

செலவு இன்னும் கணக்கில் வரவில்லை. பெட்ரோல், போன், தேய்ந்த சாக்கெட்டுக்கு மாற்று, ஜாக்கி, சோப்பு, கிரீஸ், நாளைக்கு வாங்கியாக வேண்டிய ஸ்கானருக்குச் சேமிப்பு, ஒருமுறை செய்த வேலை பிசகித் திரும்பப் போய்ச் செய்து கொடுப்பது. இதற்கு மாதம் 6,000 வைப்போம். 36,000 ரூபாயை 90 மணியால் வகுத்தால் மணிக்கு 400 ரூபாய்.

ஒரே ஆள், ஒரே குடும்பம், ஒரே வேலை. ஒரு கணக்கில் 150, இன்னொரு கணக்கில் 400. 150 ரூபாய்க்குச் செய்கிறவர் ‘கை நிறைய வேலை இருக்கிறது, கையில்தான் காசு நிற்கவில்லை’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். காரணம் இதுதான். அவர் குடிப்பழக்கமோ சீட்டுக்கட்டோ அல்ல; வகுத்தல் கணக்கு. மேற்சொன்ன தொகைகள் உதாரணத்துக்குத்தான். அவரவர் வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவையும் போட்டு அவரவர் வகுத்துக்கொள்ள வேண்டியது.

சம்பளத்தில் இருந்தவர் இழக்கும் இன்னொன்றையும் இதில் சேர்க்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் உள்ள ஒர்க்ஷாப்பில் ஈ.எஸ்.ஐ. உண்டு, 2017 ஜனவரி முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வந்தார்கள். தனி ஆளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு அவர் பையிலிருந்து. ஜாக்கி சறுக்கினால் கேட்க நாதியில்லை. வங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டு, விபத்தில் உயிர் போனால் 2 லட்ச ரூபாய் தருகிற பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தையாவது 18 வயது முதல் 70 வயது வரையுள்ள எவரும் எடுத்துக்கொள்ளலாம். இருபது ரூபாய்க்கு இன்று இரண்டு டீ கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மணிக்கணக்கை வண்டிக்காரரிடம் சொல்லலாமா?

சொல்லக்கூடாது என்பதுதான் அனுபவஸ்தர்களின் வழி. அது சரியான வழியும்கூட. மணிக்கு 400 என்றால் வண்டிக்காரர் நாற்காலியைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மெக்கானிக் டீ குடிக்கப் போனாலும் அவருக்கு வயிறு எரியும். அதைவிடப் பெரிய அநியாயம், கை தேர்ந்தவருக்குத் தண்டனையாகிவிடும். இருபது வருஷம் வேலை பார்த்தவர் நாலு மணியில் முடிக்கிற கிளட்சைப் புதிதாகப் பழகியவர் எட்டு மணி இழுப்பார். மணிக்கணக்கென்றால் பழகுகிறவருக்கு இரண்டு மடங்கு கூலி!

பெரிய கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர்களில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நேரம் என்று முன்கூட்டியே அட்டவணை. அதைத் தங்கள் மணி விகிதத்தால் பெருக்கி வேலைக்கு ஒரு தொகை. ஆள் சீக்கிரம் முடித்தாலும் தாமதித்தாலும் வண்டிக்காரருக்கு அதே பில். தனி ஆளும் இப்படித் தனக்கொரு அட்டவணை எழுதிக்கொள்ளலாம். கிளட்ச் நாலு மணி என்றால் 1,600 ரூபாய், அவ்வளவுதான். மணிக்கணக்கு அவர் நோட்டில் இருக்கட்டும். வண்டிக்காரர் காதுக்கு வேலைக்கணக்கு.

‘கம்பெனி ரேட்டில் பாதி’ என்று ஒரு சூத்திரம் நம்மவர்களிடையே வழங்குகிறது. கேட்க இனிக்கும், கணக்குக்கு உதவாது. கம்பெனியின் கூலியில் குளிர்சாதன அறையும் காப்பி மெஷினும் அடக்கம். தனி ஆளின் கூலியில் ஸ்கூட்டர் பெட்ரோலும் மழையும் அடக்கம். ஒன்றில் பாதி எப்படி மற்றதாகும்?

அட்டவணைக்கு ஒரு விலக்கு உண்டு. வலியதுறை, சங்குமுகம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியிருக்கும். அடிப்பக்கத்து போல்ட் துருவேறி, ஸ்பானர் வைத்தால் தலை கையோடு வரும். ஒரு மணி வேலை மூன்று மணியாகும். இதைத் தொடுவதற்கு முன்பே, ‘போல்ட் முறிந்தால் அதற்குத் தனி’ என்று சொல்லிவிட வேண்டும். முறிந்த பிறகு சொன்னால், முறித்ததே இவர்தான் என்று ஆகிவிடும்.

நோக்குகூலியும் நோக்கியவர் கூலியும்

கேரளத்தில் நோக்குகூலி என்ற சொல்லை அறியாதவர் கிடையாது. சரக்கை வேறு ஆட்களோ இயந்திரமோ இறக்கும்போது, தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கப்பட்ட கூலி அது. எத்தனையோ சச்சரவுக்குப் பிறகு 2018 மே 1 முதல் அரசு அதைத் தடை செய்தது. தொடாமல் பார்த்தவருக்கு இத்தனை காலம் கூலி கேட்ட ஊரில், பார்த்துப் பழுதைக் கண்டுபிடித்தவருக்கு இன்றுவரை கூலி இல்லை என்பது வேடிக்கைதான்.

காலையில் ஒரு கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பாட்டரி போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மெக்கானிக் வருகிறார். விளக்கைப் போட்டுப் பார்க்கிறார், ஸ்டார்ட்டர் எழுப்பும் ‘டக்’ சத்தத்தைக் கேட்கிறார், குனிந்து பாட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைத் தொட்டுப் பார்க்கிறார். போல்ட்டில் துரு. கழற்றி, எமரித் தாளால் தேய்த்து, முடுக்குகிறார். வண்டி முதல் அடியில் எழுகிறது. பத்து நிமிஷம். செலவு ஒரு துண்டு எமரித் தாள்.

இப்போது 300 ரூபாய் கேட்டால் வண்டிக்காரர் முகம் மாறுகிறது. ‘இவ்வளவுதானே செய்தீர்கள், இதுக்கா முந்நூறு?’ அதே மனிதரிடம் நல்ல பாட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆயிரக்கணக்கில் புதிது ஒன்றை மாட்டியிருந்தால் (மாட்டும்போது அந்த போல்ட்டும் தேய்க்கப்பட்டிருக்கும், வண்டியும் ஓடியிருக்கும்) மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார். பாட்டரிக் கடையில் மெக்கானிக்குக் கமிஷனும் கிடைத்திருக்கும். இப்படி நாலு முறை நடந்தால் ஐந்தாவது முறை அந்த மெக்கானிக் என்ன செய்வார்?

மெக்கானிக்குகள் எல்லாரும் சாமானை மாற்றுகிறவர்களாகிவிட்டார்கள், பழுது பார்க்கிறவர் யாருமில்லை என்று அலுத்துக்கொள்கிற வண்டிக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். கண்டுபிடித்ததற்குக் கூலி கொடுக்காமல், மாற்றியதற்கு மட்டும் கொடுத்தால் மாற்றுவதுதான் நடக்கும். டாக்டரிடம் போகிறோம், அவர் நாடி பார்த்து, ‘ஒன்றுமில்லை, வெந்நீர் குடியுங்கள்’ என்றாலும் பீஸ் வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம். வண்டிக்கு மட்டும் வேறு நியாயமா?

மெக்கானிக் செய்ய வேண்டியதும் உண்டு. போனில் கூப்பிட்ட உடனே, வருவதற்கு முன்பாகவே, ‘வந்து பார்க்க இவ்வளவு, வேலை என்னிடமே செய்தால் அதில் கழித்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட வேண்டும். வந்து, பார்த்து, சரி செய்த பின் சொன்னால் அது வம்பு. இன்றைய வண்டிகளுக்கு ஸ்கானர் மாட்டிப் பார்ப்பதும் பார்க்கிற கூலியில் வர வேண்டும். ஸ்கானர் ஒரு நம்பர் காட்டும். அந்த நம்பர் சொல்கிற சென்ஸார்தான் கெட்டதா, அதற்குப் போகிற ஒயரா என்று தேடுவது மெக்கானிக்கின் தலை.

சாமான் கமிஷன் என்ற முடிச்சு

கூலி குறைவாகக் கேட்டுவிட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கிற கமிஷனில் ஈடுகட்டிக் கொள்வது இந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்த ரகசியம். கடைக்காரர் கொடுக்கிறார், மெக்கானிக் வாங்கிக்கொள்கிறார், வண்டிக்காரர் அரைகுறையாகச் சந்தேகப்படுகிறார். சாமான் தேடி இரண்டு மணி நேரம் அலைவதும் வேலைதான். அதற்கு ஒரு கூலி நியாயமே. ஆனால் அது மறைவாக இருக்கும்வரை, மெக்கானிக் சொல்லும் ஒவ்வொரு ‘மாற்ற வேண்டும்’ என்ற சொல்லும் வண்டிக்காரர் காதில் ‘எனக்குக் கமிஷன் வேண்டும்’ என்றே விழும். உண்மையிலேயே பிரேக் ஷூ தேய்ந்திருக்கும், நம்பமாட்டார்.

வண்டிக்காரரையே கடைக்கு அனுப்பியோ, அவர் பேரிலேயே பில் போட்டோ சாமான் வாங்கச் செய்து, கூலியை முழுசாகத் தனியே சொல்லுகிறவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்ற பயம் வீண். கழற்றிய பழைய சாமானை ஒரு பையில் போட்டு வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுகிற சின்னப் பழக்கம் இருந்தால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. இதில் வரி லாபமும் இருக்கிறது. வேலைக்கூலி வகையில் வருஷ வரவு 20 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். சாமானைத் தன் பேரில் வாங்கித் தன் பில்லில் விற்றால் அதுவும் வரவுக் கணக்கில் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் உதிரி பாகங்களுக்கு வரி ஒரே விகிதமாக 18 சதவீதம் ஆயிற்று. அதற்கு முன் பலவற்றுக்கு 28. பழைய விலையையே சொல்கிற கடைக்காரரிடம் இதை ஞாபகப்படுத்தலாம்.

வண்டிக்காரர் எங்கிருந்தோ மலிவாக வாங்கி வந்த சாமானை மாட்டித் தரச் சொன்னால், மாட்டிய வேலைக்குத்தான் பொறுப்பு, சாமானுக்கு அல்ல என்று அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

நல்ல சாமான் வெளியே கிடைக்காமல் செய்த கதையும் உண்டு. கார் கம்பெனிகள் தங்கள் ஸ்பேர்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் பூட்டி வைக்கின்றன என்று புகார் எழுந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின என்றாலும், தெருவோர மெக்கானிக்கின் கஷ்டம் அவ்வளவு பெரிய இடத்தில் எழுத்தில் ஏறியது அப்போதுதான்.

‘கொடுக்கிறதைக் கொடுங்க, அண்ணாச்சி’

நம்மவர்களைக் கெடுக்கிற வாசகம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வண்டிக்காரர் அதே ஊர், அதே தெரு, அல்லது ஊர்க் கோயில் கொடைக்கு வரி கொடுக்கிற குடும்பம். முகத்துக்கு நேரே தொகை சொல்ல நாக்கு எழவில்லை. ‘கொடுக்கிறதைக் கொடுங்க’ என்கிறார். அவரோ மெக்கானிக் மனசில் என்ன இருக்கிறதென்று தெரியாமல், ஊரில் பத்து வருஷத்துக்கு முன் கொடுத்த தொகையை நினைத்துக்கொண்டு 200 ரூபாயை நீட்டுகிறார். வாங்கிக்கொண்டு சிரிக்கிறார் மெக்கானிக். அடுத்த முறை போன் வந்தால் எடுப்பதில்லை. ‘ஊர்க்காரன் என்றுதான் கூப்பிட்டேன், போனை எடுக்கமாட்டேன் என்கிறான்’ என்று இவர் ஊர் முழுக்கச் சொல்கிறார். இரண்டு பேரும் நல்லவர்கள். தொகையைச் சொல்லாததால் வந்த வினை.

சலுகை கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் முழுத் தொகையைச் சொல்லிவிட்டுக் குறைக்க வேண்டும். ‘வேலை 1,600, உங்களுக்கு 1,200 போதும், அண்ணாச்சி’ என்றால் கொடுத்த நானூறு தெரியும். சொல்லாமல் 1,200 வாங்கினால் வேலையின் விலையே 1,200 என்று ஆகிவிடும். அவர் அனுப்புகிற அடுத்த பத்துப் பேரும் அதையே நீட்டுவார்கள்.

சைடு வேலையில் வரும் இன்னொரு சிக்கல், பகலில் சம்பளம் கொடுக்கிற முதலாளி. ஒர்க்ஷாப்புக்கு வருகிற வண்டிக்காரரிடம், ‘இங்கே செய்தால் இவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் பாதி’ என்று காதில் சொல்வது நடக்கிறது. அந்தப் பாதி விலை எப்படி வந்தது? கடை வாடகையும் கரன்ட் பில்லும், சில நேரம் அந்த ஸ்பானரும் முதலாளியுடையது. அடுத்தவர் பணத்தில் போட்ட சலுகை அது. இந்த ஆள் நாளைக்குத் தனியாக இறங்கும்போது, அதே வண்டிக்காரர்கள் அதே பாதி விலையைத்தான் எதிர்பார்ப்பார்கள். அப்போது அதைத் தாங்க முதலாளி இருக்கமாட்டார். பகல் வேலை வாடிக்கைக்காரரைத் தொடாமல், ஒர்க்ஷாப் எடுக்காத சின்ன வேலைகளை, தன் டூலில், முழு ரேட்டில் செய்கிறவருக்கு முதலாளியிடம் மறைக்க வேண்டியதும் இல்லை.

சட்டம் யார் பக்கம்?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 170ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உழைப்போ திறமையோ செலவழித்து ஒருவர் பொருளில் வேலை செய்தவர், தம் கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தம்மிடம் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. சட்டத்திலேயே இரண்டு உதாரணம் போட்டிருக்கிறார்கள். பட்டை தீட்ட வைரம் வாங்கியவர் கூலி வரும்வரை வைரத்தைப் பிடித்து வைக்கலாம். ஆனால் கோட்டுத் தைக்க வாங்கிய தையற்காரர், முடிந்ததும் கொடுத்துவிடுகிறேன், பணம் மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால் போதும் என்று ஒப்புக்கொண்டிருந்தால், கோட்டை நிறுத்த முடியாது.

கார் ரிப்பேருக்கும் இதே நியாயம். ஒர்க்ஷாப்பில் விட்ட காரை, அந்த வேலைக்கான கூலி வரும்வரை ஒர்க்ஷாப்காரர் நிறுத்தலாம். கடன் சொல்லி ஒப்புக்கொண்டால் அந்தப் பிடி போயிற்று. வீடு தேடிப்போய் வேலை செய்கிறவருக்கோ முதலிலிருந்தே பிடி கிடையாது. கார் நிற்பது வண்டிக்காரர் வீட்டுப் போர்ட்டிகோவில். சாவி அவர் சட்டைப்பையில். எதை நிறுத்தி வைப்பது? அதனால்தான் சாமானுக்கான பணத்தை முன்னதாகவே வாங்கிவிட வேண்டும் என்பது. தன் காசைப் போட்டு கிளட்ச் பிளேட் வாங்கி மாட்டிவிட்டு, ‘ஒண்ணாந்தேதி சம்பளம் வந்ததும்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு, மிஞ்சுவது வழக்குப் போடும் உரிமை மட்டும். ஆயிரம் ரூபாய்க்கு யார் வஞ்சியூர் கோர்ட்டுக்கு நடப்பார்கள்?

வண்டிக்காரர் பக்கமும் சட்டம் இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை இருந்தால், தனி ஆள் மெக்கானிக் மீதும் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்ச ரூபாய் வரையுள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது. இலவசமாகச் செய்து கொடுத்த வேலை அந்தச் சட்டத்தில் சேவையாகாது. ஆகவே ஊர்க்காரருக்குச் சும்மா செய்து கொடுத்த வேலை சட்டத்துக்கு வெளியே நிற்கும். சண்டைக்கு வெளியே நிற்காது.

இரண்டு பக்கத்துக்கும் உதவுவது ஒரு பில் புத்தகம். கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதுகிற சாதாரணப் புத்தகம் சாலை பஜாரில் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். தேதி, வண்டி நம்பர், மீட்டரில் கிலோமீட்டர், வண்டிக்காரர் சொன்ன குறை, செய்த வேலை, சாமான் விலை, கூலி, இத்தனை நாளுக்குள் அதே குறை வந்தால் கூலியில்லாமல் பார்த்துக் கொடுப்பதென்ற வாக்கு. மலையாளம் எழுத வராதவர் கூச்சப்பட வேண்டாம். சொற்கள் எந்த மொழியில் இருந்தாலும் எண்கள் இரண்டு பேருக்கும் ஒன்றே. வேலை தொடங்குமுன் எஸ்டிமேட் தொகையை மேலே எழுதி, வண்டிக்காரரிடம் காட்டி, அவர் தலையசைத்த பிறகு பானட்டைத் திறக்க வேண்டும்.

அந்தக் கிலோமீட்டர் எண் பின்னால் சோறு போடும். கர்க்கடக மாதம் மழை கொட்டும். கையில் வேலை இருக்காது. புத்தகத்தைப் புரட்டினால், ஆயில் மாற்றி யார் யார் வண்டி எவ்வளவு ஓடியிருக்கும் என்று கணக்குப் போடலாம். ஓணத்துக்கு இன்னும் ஒரு மாதம். எல்லாரும் ஊருக்குக் கிளம்பும்போது ஒரே நாளில் பத்துப் பேர் கூப்பிடுவார்கள், ஒருவருக்கும் ஒழுங்காகச் செய்ய முடியாது. அதற்குப் பதில், இப்போதே நாலு பேருக்குப் போன் செய்து, போர்ட்டிகோவில் கூரை உள்ள வீடுகளாகப் பார்த்து வேலையை முடித்துவிடலாம்.